ப்ளூ-ரே டிஸ்க், வீடியோ கேம் விமர்சனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் படத்தின் புதிய 4கே டிஸ்க் (ப்ளூ-ரேயைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது) கொடுத்த காசுக்குத் தகுமா, வாங்கப்போகும் கேம் நம் கம்ப்யூட்டரில் திக்காமல் ஓடுமா என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அப்படி எழுத முனைகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

டிஸ்க் விமர்சனத்தில் படத்தின் கதையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

ஒரு பத்தி போதும். தியேட்டரில் ஓடி, ஓடிடியிலும் வந்த பிறகுதான் பெரும்பாலும் டிஸ்க் வருகிறது. படிக்கிறவர் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார். அலமாரியில் பழைய ப்ளூ-ரேயும் வைத்திருக்கலாம். மறுபடியும் பணம் போடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் விவரங்கள் இவை: மாஸ்டர், அதாவது டிஸ்க்குக்கு ஆதாரமான பிரதி, மூல நெகட்டிவிலிருந்து எடுத்ததா, இடைப் பிரதியிலிருந்தா, தியேட்டர் பிரிண்டிலிருந்தா; எந்த வகை எச்டிஆர் (வெளிச்சத்தையும் வண்ணத்தையும் விரித்துக் காட்டும் முறை); ஒலித்தடங்கள் என்னென்ன; டிஸ்க் எத்தனை ஜிபி; படம் எத்தனை நிமிடம். நீளத்தை அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், பிளேயர் காட்டுவதை எழுதுங்கள். அட்டையில் ஒன்று, உள்ளே பாட்டு வெட்டிய பிரதி ஒன்று என்பது நம் ஊர் டிஸ்க்குகளில் புதிதல்ல.

என்ன டிவி, என்ன பிளேயர் என்று குறிப்பிட வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் 4கே டிஸ்க் ஓடும், ஆனால் காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை வராது. அடிப்படை வகையான எச்டிஆர்10 மட்டுமே கிடைக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஓடிடிக்கும் கேமுக்கும் டால்பி விஷன் தரும், டிஸ்க்குக்குத் தராது. ஆக, இந்த இரண்டில் எதில் பார்த்திருந்தாலும் "டால்பி விஷன் பிரமாதம்" என்று எழுத உங்களுக்கு வழியில்லை. பேனசோனிக் யுபி820 போன்ற தனி பிளேயர் அதையும் காட்டும். வெளிச்சம் குறைந்த டிவிக்குத் தக்கபடி எச்டிஆரைத் தானே இறக்கிக் கொடுக்கவும் செய்யும்.

ஒலியிலும் ஒரு பொறி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, அமைப்புகளில் ஒலி வடிவத்தை பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றாவிட்டால், டால்பி அட்மாஸ் தடம் (மேல்கூரை ஸ்பீக்கருக்கும் ஒலி தருவது) மேல்கூரை ஒலி இல்லாத சாதாரண பிசிஎம் ஆகத்தான் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குப் போகும். "இந்த டிஸ்க்கில் மேல்கூரை ஸ்பீக்கரில் சத்தமே இல்லை" என்ற புகார்களில் பல இங்கே பிறந்தவை.

பார்க்க உட்காரும் முன் டிவியில் எதை மாற்ற வேண்டும்?

பட அமைப்பை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, எல்லாம் ஒரே வேலைதான். ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழுத்தின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக்கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டை "என்ஹான்ஸ்டு" நிலைக்கு மாற்றினால்தான் பல டிவிகளில் முழு 10 பிட் எச்டிஆர் உள்ளே வரும். கடைசியாக ஓவர்ஸ்கேன். இதை அணைக்காவிட்டால் படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்படும், மீதி இழுத்துப் பெரிதாக்கப்படும். இது தெரியாமல் "படம் சற்று மங்கல்" என்று டிஸ்க்கைக் குறை சொல்வது நடக்கிறது.

ப்ளூ-ரேக்கும் 4கே-க்கும் வித்தியாசமே தெரியவில்லையே?

எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. அதை 1920 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.63 மி.மீ. கோளாறில்லாத சராசரிக் கண்ணால் அதைத் தனியாகப் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய 2.2 மீட்டர் வரைதான். அதைத் தாண்டி உட்கார்ந்தால் கூடுதல் புள்ளிகள் இருந்தும் பயனில்லை. 4கே-யின் முழு நுணுக்கத்தையும் அதே டிவியில் பார்க்க 1.1 மீட்டருக்கு நெருங்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் சோபா பெரும்பாலும் மூன்று மீட்டர் தள்ளித்தான் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் 4கே டிஸ்க்கில் உங்களுக்குத் தெரிவது எச்டிஆரும் விரிந்த வண்ணமும்தான். விமர்சிக்கும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஒருமுறை, வழக்கமான இடத்தில் ஒருமுறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

பிட்ரேட்டை எப்படிக் கணக்கிடுவது?

பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவு. ஜிபியை 8000-ஆல் பெருக்கி, படத்தின் நொடிகளால் வகுத்தால் சராசரி எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வரும். இரண்டு மணி நேரப் படம் 60 ஜிபி பிடித்திருந்தால் 480000-ஐ 7200-ஆல் வகுக்க, ஏறக்குறைய 67. இதில் ஒலியும் அடக்கம். ஓடிடியில் 4கே பெரும்பாலும் 15 முதல் 25-க்குள் நின்றுவிடும் என்பதோடு ஒப்பிட்டால், மழை, புகை, கடல் அலை மாதிரி காட்சிகளில் டிஸ்க் ஏன் கலங்காமல் நிற்கிறது என்பது விளங்கும்.

தமிழ்ப் படங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அவை நீளம். 165 நிமிடப் படத்தை 25 ஜிபி ப்ளூ-ரேயில் அடைத்தால் எல்லாம் சேர்த்து 20 எம்பிபிஎஸ்தான் தேறும். 50 ஜிபியில் 40 வரும். "மூன்று படம் ஒரே டிவிடியில்" என்று விற்றார்களே, அதையும் போட்டுப் பாருங்கள்: 8.5 ஜிபி, மூன்றும் சேர்ந்து 450 நிமிடம், அதாவது 2.5 எம்பிபிஎஸ். டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு அது எந்த மூலைக்கும் போதாது. சண்டைக்காட்சி வந்ததும் திரை கட்டம் கட்டமாக உடைந்ததற்கு டிவிடி பிளேயர் காரணமில்லை.

ஆனாலும் பிட்ரேட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மாஸ்டர் கெட்டிருந்தால் 100 ஜிபி டிஸ்க்கும் காப்பாற்றாது.

படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. டிஸ்க் மட்டமா?

ஃபிலிமில் எடுத்த படமென்றால் அது கிரெய்ன். வெள்ளித் துகள்களால்தான் அந்தப் பிம்பமே உருவானது. அவற்றைத் துடைத்தால் அவற்றோடு சேர்ந்து முகத்தின் சுருக்கம், துணியின் நெசவு, சுவரின் காரை எல்லாம் போய்விடும். டிஎன்ஆர் என்ற மென்பொருள் வேலை இதைத்தான் செய்கிறது. பிரிடேட்டர் படத்துக்கு 2010-இல் வந்த இரண்டாவது ப்ளூ-ரேயை இதற்கு உதாரணமாக இன்றும் காட்டுகிறார்கள். முதல் ப்ளூ-ரேயில் கிரெய்ன் அதிகம் என்று குறைபட்டார்கள். இரண்டாவதில் அதை மொத்தமாக வழித்தெடுக்க, காட்டில் வியர்த்து நிற்கும் வீரர்களின் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிட்டன.

சோதிக்கும் முறை இது. முகம் அருகாமையில் தெரியும், கேமரா அசையாத ஒரு ஷாட்டில் நிறுத்துங்கள். கன்னத்தையும் நெற்றியையும் பாருங்கள்: தோலின் நுண்துளையும் மயிரும் தெரிகின்றனவா? பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். கிரெய்ன் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக விழ வேண்டும். உறைந்து நின்றாலோ, முகம் அசையும்போது மட்டும் அதோடு சேர்ந்து இழுபட்டாலோ டிஎன்ஆர் நடந்திருக்கிறது. அடுத்து, வெளிர் வானத்துக்கு எதிராக நிற்கும் மின்கம்பி, கட்டட விளிம்பு, தோள் ஆகியவற்றின் ஓரத்தைப் பாருங்கள். ஒட்டி ஒரு வெள்ளைக்கோடு ஓடினால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். துடைத்ததை மறைக்கக் கூர்மை ஏற்றுவது வழக்கம் என்பதால் இரண்டும் சேர்ந்தே வரும்.

கிரெய்னுக்கும், தரவைச் சுருக்குவதால் வரும் கம்ப்ரஷன் கோளாறுக்கும் குழப்பம் வேண்டாம். கிரெய்ன் திரை முழுக்கப் பரவி உயிரோடு அசையும். கம்ப்ரஷன் கோளாறு இருட்டு மூலையிலும் வேகமான அசைவிலும் சதுரமாகத் திரண்டு நிற்கும். வானம், மூடுபனி, சுவரில் விழும் டார்ச் வெளிச்சம் ஆகியவற்றில் வளையம் வளையமாகப் பட்டை தெரிந்தால் அது பேண்டிங். ப்ளூ-ரே 8 பிட், ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 4கே டிஸ்க் 10 பிட், 1024 படிகள். அதனால் 4கே டிஸ்க்கில் பேண்டிங் தெரிந்தால் முதலில் டிவியைச் சந்தேகியுங்கள்.

"போலி 4கே" என்கிறார்களே, அது என்ன?

2000-களிலும் 2010-களிலும் ஏராளமான படங்களின் இறுதிப் பிரதி 2கே-யில்தான், அதாவது ஏறக்குறைய ப்ளூ-ரே அளவுப் புள்ளிகளில்தான் தயாரானது. கிராஃபிக்ஸ் வேலைக்கு அது மலிவு. அவற்றை 4கே டிஸ்க்காகப் போடும்போது பெரிதாக்கித்தான் போட முடியும். "போலி" என்ற சொல் கொஞ்சம் அதிகம். எச்டிஆரும் வண்ணமும் கூடுதல் பிட்ரேட்டும் உண்மையானவைதானே. மூலம் 2கே என்று தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தை எழுதுங்கள்.

எச்டிஆர் பார்த்தால் படம் இருட்டாக இருக்கிறது.

பெரும்பாலும் டிவியின் பிரச்சினை. எச்டிஆர் மாஸ்டர் 1000 நிட் (வெளிச்சத்தின் அளவு) அல்லது 4000 நிட் உச்சத்துக்குத் தயாராகிறது. விலை குறைந்த டிவி பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் 300 நிட் தாண்டாது. உச்ச வெளிச்சத்தை உள்ளே அடைக்க மொத்தப் படத்தையும் கீழே இறக்குகிறது. அந்த மாதிரி டிவி வைத்திருப்பவர் எச்டிஆர் பற்றித் தீர்ப்பு எழுதாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, சாதாரண ப்ளூ-ரேயின் அதே காட்சியோடு ஒப்பிட்டு எழுதலாம். மொபைலில் திரையைப் படம் பிடித்து ஆதாரமாகப் போடாதீர்கள். அந்தப் படத்தின் வண்ணத்தை முடிவு செய்வது உங்கள் மொபைல்.

புதிய மறுவெளியீட்டில் வண்ணமே மாறியிருக்கிறது. யார் பக்கம் நிற்பது?

இயக்குநரே மாற்றியிருக்கலாம் என்பதுதான் சிக்கல். தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன் படத்தின் 2009 ப்ளூ-ரேக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் வண்ணத்தை மாற்றி வெளிறவைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012-இல் பழைய தோற்றத்துக்கு நெருக்கமான வேறொரு டிஸ்க் வந்தது. தியேட்டர் பிரிண்ட் எப்படி இருந்தது என்பது நம்மில் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. நினைவை நம்பி "அசல் வண்ணம் இதுவல்ல" என்று அடித்துச் சொல்வது ஆபத்து. எந்தப் பதிப்போடு ஒப்பிடுகிறோம், மேற்பார்த்தது யார் என்று சொல்லிவிட்டு, வேட்டி, பனி, காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தாக வேண்டிய பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ சாய்கின்றனவா என்பதை எழுதினால் அது நிற்கும்.

ஒலியில் எதைக் கேட்பது?

வசனம் புரிகிறதா என்பதுதான் முதலில். பிறகு தடங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஹாலிவுட் படமென்றால் ஆங்கிலத் தடம் பெரும்பாலும் அட்மாஸில், இழப்பில்லாத தரத்தில் இருக்கும். அதே டிஸ்க்கின் தமிழ் டப்பிங் வெறும் டால்பி டிஜிட்டலாக, அதாவது சுருக்கிய ஒலியாக இருக்கலாம். ப்ளூ-ரேயில் டால்பி டிஜிட்டலின் உச்சவரம்பு 640 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்), டிவிடியில் 448. தமிழில் பார்க்க வாங்குகிறவருக்கு இந்த ஒரு வரிதான் முழு விமர்சனத்தையும்விட உபயோகம். தமிழ்த் தடத்தில் வெடிச்சத்தம் தட்டையாகவும் குரல் மட்டும் முன்னால் ஒட்டவைத்த மாதிரியும் கேட்டால் அதையும் எழுதுங்கள்.

சப்டைட்டில்?

பாட்டுக்கு வருகிறதா, வேற்றுமொழி வசனத்துக்குத் தானாக வருகிறதா, எழுத்து படத்தின் மேல் விழுகிறதா கீழ்க் கறுப்புப் பட்டையில் விழுகிறதா என்று பாருங்கள். அகலத் திரைக்கேற்ப புரொஜெக்டரில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்குப் பட்டையில் விழும் வரி திரைக்கு வெளியே போய்விடும்.

பழைய தமிழ் டிவிடிகளை இப்போது விமர்சிப்பதில் அர்த்தம் உண்டா?

உண்டு. பல படங்களுக்கு அதைவிட நல்ல பிரதி இன்றுவரை வரவில்லை. 2007-இல் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிய பிறகு வீடு வீடாகப் பரவிய டிஸ்க்குகள் அவை. இன்று பழைய சாமான் கடையிலும் நடைபாதையிலும் கிடைக்கின்றன. மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, படம் அனமார்ஃபிக்கா, அதாவது பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, பார்க்கும்போது டிவியில் விரியும் வகையா. அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டை போட்டு வைத்திருந்தால் 480 வரியில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272 வரி. அனமார்ஃபிக் என்றால் 363. பெரிய டிவியில் இது பளிச்சென்று தெரியும். இரண்டாவது, நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் பால் (PAL) முறை டிஸ்க்கா. நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25-இல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144-இல் முடிந்துவிடும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். காட்சி வெட்டப்பட்டதோ என்று பதறும் முன் இதைக் கணக்கிடுங்கள். இளையராஜா பாட்டை ரேடியோவில் கேட்டே பழகிய காதுக்கு அந்த ஏற்றம் உடனே தட்டுப்படும். மூன்றாவது, திரையின் மூலையில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் கம்பெனி லோகோ. இதற்கு மருந்து கிடையாது.

டிஸ்க் நடுவில் நிற்கிறது. என் பிளேயரா, டிஸ்க்கா?

எந்த நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாது. மூன்று அடுக்கு 100 ஜிபி டிஸ்க்குகள் விரல்ரேகைக்கே முரண்டு பிடிக்கும். துடைத்த பிறகும் அதே நொடியில் நின்றால் வேறொரு பிளேயரில் போடுங்கள். அதிலும் அதே இடத்தில் நின்றால் டிஸ்க் பழுது. அப்போதும் "இந்த வெளியீடே பழுது" என்று எழுத ஒரு பிரதி போதாது, இரண்டாவது பிரதி வேண்டும். பழைய டிவிடி என்றால் உள்ளடுக்கே அழுகியிருக்கலாம். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் அப்படி ஒரு சிக்கல் இருப்பதை வார்னர் பிரதர்ஸ் ஒப்புக்கொண்டது.

வெளிநாட்டு டிஸ்க் இங்கே ஓடுமா?

4கே டிஸ்க் ஓடும், அதற்கு மண்டலப் பூட்டு (ஒரு பகுதி நாடுகளின் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் தடுப்பது) இல்லை. அதோடு ஒரே பெட்டியில் வரும் ப்ளூ-ரே ஓடாமல் போகலாம்: இந்தியா சி மண்டலம், அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, பிரிட்டன் பி. போனஸ் காட்சிகள் எல்லாம் அந்த ப்ளூ-ரேயில் இருந்தால் வாங்குகிறவருக்குப் பாதிப் பெட்டி வீண் என்பதைச் சொல்லுங்கள்.

கேமை முழுவதும் முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா?

கதை உள்ள கேமுக்கு ஆம். கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் அவசரமாகச் செய்த வேலை வெளுக்கும்: எதிரிகளை எண்ணிக்கையில் மட்டும் கூட்டியிருப்பார்கள், சேவ் கெட்டுப்போகும். முடிக்காமல் எழுதினால் எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எந்தக் கட்டம் வரை, எந்தக் கடின நிலையில் என்று மேலேயே போடுங்கள். ஆன்லைன் கேம் என்றால் வெளியாகும் முன் தனியாக ஒதுக்கிய சர்வரில் ஆடியதை வைத்து முடிவு சொல்லக்கூடாது. கூட்டம் வந்த பிறகுதான் சர்வரின் யோக்கியதை தெரியும்.

பதிப்பு எண்ணை ஏன் எழுதச் சொல்கிறீர்கள்?

முதல்நாள் பேட்ச், அதாவது வெளியான அன்றே இறங்கும் திருத்தம் வந்ததும் கேமே வேறு ஆகிவிடுகிறது. பிளேஸ்டேஷன் 5-இல் கேமின் மேல் ஆப்ஷன்ஸ் அழுத்தித் தகவல் பகுதியில் பார்த்தால் எண் இருக்கும். பேட்சின் அளவையும் எழுதுங்கள். 50 ஜிபி பேட்ச் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கை வாங்கிவந்து ஆசையோடு உட்காரும் பையனுக்கு இது பெரிய விஷயம்.

சராசரி 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) காட்டுகிறது, ஆனால் கேம் திக்குகிறது. எப்படி?

சராசரி திக்கலை மறைக்கும். ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் தலா 15 மில்லிசெகண்டில் வந்தால் 885 ஆயிற்று. அறுபதாவது ஃப்ரேம் மட்டும் 115 எடுத்துக்கொண்டால் மொத்தம் சரியாக ஒரு நொடி. கவுன்ட்டர் 60 என்று காட்டும், உங்கள் கண் அந்த 115-ஐ ஒரு குலுக்கலாக உணரும். அதனால் சராசரி எஃப்பிஎஸ் மட்டும் போடும் விமர்சனத்தால் பயனில்லை. கேப்ஃப்ரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவியில் ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரம்) வரைபடத்தையும், மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்ஸையும் எடுத்துப் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் இந்தத் திக்கலுக்கு முதல் காரணம் ஷேடர் கம்பைலேஷன். ஷேடர் என்பது திரையில் ஒளியையும் பரப்பையும் வரையும் சிறு நிரல். ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஷேடரைத் தனியாகத் தொகுக்க வேண்டும். புதிய வெடிப்போ புதிய எதிரியோ முதன்முறை திரைக்கு வரும் அந்தக் கணத்தில் தொகுத்தால் குலுக்கல் விழும். இரண்டாம் முறை அதே இடத்துக்குப் போனால் வழுக்கிக்கொண்டு போகும். விமர்சகர்கள் சறுக்கும் இடம் இது: அதே காட்சியில் மூன்று முறை சோதித்துக் கடைசி எண்ணைப் போட்டால், வாங்கியவர் பார்க்கப்போகும் முதல் ஓட்டம் அதில் இருக்காது. விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷை (தொகுத்ததைச் சேமித்து வைக்கும் இடம்) தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு முதல் ஓட்டத்தையும் பதியுங்கள். டிரைவரைப் புதுப்பித்தாலும் இந்தக் கேஷ் வீணாகி மறுபடி தொகுக்க நேரும். குலுக்கல் முதல்முறையும் இரண்டாம் முறையும் ஒரே இடத்தில் வந்தால் ஷேடர் இல்லை. அடுத்த பகுதியை ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏற்றும் வேலை திணறுகிறது. கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள்.

கேப்சர் கார்டு (கன்சோலின் காட்சியைக் கம்ப்யூட்டரில் பதியும் கருவி) இல்லாமல் கன்சோலில் எஃப்பிஎஸ் பார்க்க முடியுமா?

தோராயமாக முடியும். மொபைலில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷனில் திரையைப் பதிந்து, கேமராவைச் சுழற்றும் காட்சியில் ஒரு பிம்பம் எத்தனை ஃப்ரேம் நிற்கிறது என்று எண்ணுங்கள். நான்கு என்றால் 60 எஃப்பிஎஸ், எட்டு என்றால் 30, நான்கும் எட்டும் கலந்து வந்தால் 60-ஐப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறது. 120 ஹெர்ட்ஸ் டிவியில் 40 எஃப்பிஎஸ் மோடு இருந்தால் ஆறு வரும். 40 என்பது கேட்க அற்பமாகத் தெரிந்தாலும் ஃப்ரேமுக்கு 25 மில்லிசெகண்டு, அதாவது 33.3-க்கும் 16.7-க்கும் நேர் நடு. கையில் நன்றாகவே தெரியும்.

கேப்சர் கார்டு இருப்பவர்கள் பிளேஸ்டேஷன் 5-இன் எச்டிஎம்ஐ அமைப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபியை அணைக்க வேண்டும். பிறகு அதைத் திரும்பப் போட மறந்துவிட்டு "டிஸ்க் ஓடவில்லை" என்று தேடுவது வாடிக்கை.

ஒரு தளத்தில் (கம்ப்யூட்டரிலோ ஒரு கன்சோலிலோ) ஆடிவிட்டு எல்லாத் தளத்துக்கும் மதிப்பெண் போடலாமா?

கூடாது. சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பர் 10-க்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. தாங்களே பதிந்த காட்சிகளைக் காட்டவும் தடை இருந்தது. மதிப்பெண்கள் உச்சத்தில் இருந்தன. பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்கள் கண்டது அடிக்கடி நின்றுபோகும் கேமை. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்தே தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. "கன்சோல் பிரதி எங்களுக்குத் தரப்படவில்லை" என்ற ஒரு வரி எச்சரிக்கையைத் தலைப்புக்கு அடியில் போட்டிருந்தால் எத்தனையோ பேரின் பணம் மிஞ்சியிருக்கும்.

பெட்டி வாங்கினால் கேம் உள்ளே இருக்கும் அல்லவா?

உறுதியில்லை. கன்சோலை இணையத்திலிருந்து துண்டித்து, டிஸ்க்கைப் போட்டு நிறுவி, ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் "கேம்-கீ கார்டு" என்று வரும் அட்டையில் கேமே கிடையாது, சாவி மட்டும்தான். முழுவதையும் தரவிறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கக் கீழ்ப்பட்டையில் சொல்லியிருப்பார்கள். எப்போதும் ஆன்லைன் தேவைப்படும் கேம் என்றால் அதையும் சொல்லுங்கள். யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் மூடப்பட்டதும், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் ஆட ஒன்றும் மிஞ்சவில்லை.

சின்ன கேமுக்கு விலை அதிகம் என்று எழுதலாமா?

எழுதலாம், மணிக்கு இத்தனை ரூபாய் என்று வகுக்காமல். வெண்பா என்ற கேம், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி வழியாகச் சொல்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும் பெற்றது. அறுபது மணி நேரம் இழுக்கும் கேமில் நாற்பது மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பச் செய்யவைப்பதோடு ஒப்பிட்டால், எது விலை அதிகம் என்பது அவ்வளவு சுலபமான கணக்கு இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் வாசகருக்கு நினைவூட்டுங்கள். குட்டி கேம் செய்பவர்களுக்கு இந்த விதி ஒரு தலைவலி என்பது வேறு விஷயம்.

கேமில் தமிழ் எழுத்து இருந்தால் எதைச் சோதிப்பது?

கொம்பை. யூனிகோடில் முதலில் "க", பிறகு "ெ" என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது கேம் இன்ஜினின் பொறுப்பு. அந்த வசதியை இணைக்காமல் விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளிகள் விலகி நிற்கும். "கொள்ளை", "தேர்வு", "பௌர்ணமி" போன்ற சொற்கள் வரும் மெனுக்களைத் தேடிப் படமெடுத்துப் போடுங்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொல் நீளம் என்பதால் பட்டனுக்கு வெளியே எழுத்து வழிகிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

இலவசப் பிரதி வாங்கினால் சொல்ல வேண்டுமா?

இந்தியாவில் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணம் மட்டுமல்ல, கேட்காமலே வந்த இலவசப் பொருளும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான். வீடியோ என்றால் கீழே உள்ள குறிப்பில் ஒளித்து வைக்காமல் வீடியோவிலேயே, பார்க்கவும் கேட்கவும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. எம்பார்கோ, அதாவது இன்ன நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்ற ஒப்பந்தம், வாடிக்கையானதுதான். ஆனால் "இன்ன குறையைக் குறிப்பிடாதே" என்று அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடையில் காசு கொடுத்து வாங்கி ஒரு வாரம் தாமதமாக எழுதலாம்.

படத்துண்டு, கேம் காட்சி போட்டால் சிக்கல் வருமா?

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. யூடியூபின் தானியங்கி அமைப்புக்குச் சட்டம் தெரியாது. பாட்டு வந்தால் பிடிக்கும். துண்டைச் சின்னதாக வையுங்கள், அதன் மேல் உங்கள் பேச்சு ஓடட்டும், பின்னணிப் பாடலை முழுதாக விடாதீர்கள்.

படத்துக்கும் டிஸ்க்குக்கும் ஒரே மதிப்பெண் போடலாமா?

தனித்தனியாகப் போடுங்கள்: படம், பிம்பம், ஒலி, கூடுதல் காட்சிகள். மட்டமான படத்துக்கு அற்புதமான டிஸ்க் வரும். அருமையான படத்தைக் கழுவித் துடைத்துக் கெடுத்திருப்பார்கள். சராசரி எடுத்தால் இரண்டுமே மூன்று நட்சத்திரமாகி வாசகருக்கு ஒன்றும் புரியாது.

பேட்ச் வந்து சரியாகிவிட்டால் விமர்சனத்தைத் திருத்தலாமா?

பழைய வரிகளை அழிக்காமல், மேலே தேதியும் புதிய பதிப்பு எண்ணும் போட்டு ஒரு பத்தி சேருங்கள். மறுசோதனையை அதே சேவ் ஃபைலில், அதே காட்சியில், அதே கிராஃபிக்ஸ் அமைப்பில் செய்யுங்கள். அதற்காகவே முதல்முறை ஆடும்போது மிகவும் திக்கிய இடத்துக்கு முன்னால் ஒரு சேவ் ஃபைலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க்குக்கும் இதே முறைதான். மாற்று டிஸ்க் அனுப்புகிறார்கள் என்றால், பழையதா புதியதா என்று வாசகர் எதைப் பார்த்து அறியலாம் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அது டிஸ்க்கின் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணில் தெரியும். பெட்டியும் அட்டையும் மாறியிருக்காது.